படியும் பதிவும்

ஒரு பாட்டைப் பாதுகாப்பது என்றால் அதில் எதைப் பாதுகாப்பது என்ற கேள்வி நம்மிடையே எழுவதே இல்லை. ஓலையில் எழுதினால் பாதுகாப்பு, அச்சில் ஏற்றினால் மேலும் பாதுகாப்பு, ஒலிநாடாவில் பிடித்துவிட்டால் முழுப் பாதுகாப்பு என்று ஒரு வரிசையை மனதில் வைத்திருக்கிறோம். கருவி வளர வளர, காப்பாற்றப்படும் பாட்டின் பங்கும் வளர்கிறது என்ற நம்பிக்கை இந்த வரிசைக்குள் ஒளிந்திருக்கிறது. இந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஓலை, செப்பேடு, ஸ்வரக் குறிப்பு, மைக்ரோபோன் ஒவ்வொன்றும் ஒரு விமர்சகனாகவே செயல்படுகிறது. எது பாட்டு, எது தள்ளுபடி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் அது தன் வேலையைத் தொடங்குகிறது. பதிவைக் கையில் வாங்கிக்கொள்ளும் நாம் அந்தத் தீர்ப்பைப் படிப்பதில்லை.

இதைப் பேசத் திருத்தணியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சிறிய மலையோடும் அதன் பக்கத்து மலையோடும் சம்பந்தப்பட்டு மூன்று பெரிய இசைத் தொகுதிகள் மூன்று வெவ்வேறு வழிகளில் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. யாரும் காப்பாற்ற நினைக்காத நான்காவது ஒன்றும் ஆண்டுதோறும் அதே மலையில் ஏறி இறங்குகிறது.

முதலாவது திருப்புகழ். அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பதினாறாயிரம் பாடினார் என்பது மரபு. இன்று கையில் இருப்பது ஆயிரத்து முந்நூற்றுக்குச் சற்று மேல். அதுவும் தானாகக் கிடைத்துவிடவில்லை. முன்சீபாக இருந்த வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை பல ஊர்களிலிருந்து ஏடு தேடிச் சேர்த்து 1894-ல் முதல் தொகுதியையும் 1901-ல் இரண்டாவதையும் அச்சிட்டார். அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார். தணிகைமணி என்று அவருக்கு வழங்கிய பட்டமே இந்த மலையின் பெயரால் வந்தது. ஏட்டில் சொல் இருந்தது. மெட்டு இல்லை. அருணகிரி எந்தப் பண்ணில், எந்த இழுப்பில் பாடினார் என்பது போய்விட்டது.

ஆனால் ஒன்று போகவில்லை. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் தன, தான, தந்த, தத்த என்று ஓடும் சந்தக் குழிப்பைப் பதிப்புகளில் பார்த்திருப்பீர்கள். நம்மில் பலர் அதை ஒரு யாப்புச் சடங்கு என்று தாண்டிப் போய்விடுகிறோம். நின்று கேட்க வேண்டும். தத்த, தந்த, தன்ன, தய்ய இவை நான்கும் கால அளவில் ஒன்றுதான். காதுக்கு ஒன்றல்ல. முதலாவது அடைத்துத் தட்டுகிறது. இரண்டாவது முனகிவிட்டுத் தட்டுகிறது. மூன்றாவது முனகலோடு நின்றுவிடுகிறது. நாலாவது வழுக்கிப் போகிறது. மிருதங்கத்தின் சொற்கட்டு பழகியவனுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. அருணகிரி தன் தாளத்தை, அதன் நீளத்தை மட்டுமல்லாமல் அதன் தொனியையும், சொல்லின் மெய்யெழுத்துக்களுக்குள்ளேயே பதிந்துவைத்துவிட்டார். ஏடெழுதியவன் ஓர் எழுத்தைத் தவற விட்டால் சந்தம் இடறும். பதிப்பாசிரியன் அந்த இடறலைக் கொண்டே பாடத்தைத் திருத்தலாம். தனியே ஒரு குறியீடு தேவைப்படாத பதிவு இது. பாட்டென்பது முதலில் ஒரு நடை என்ற தீர்ப்பும் இதற்குள் இருக்கிறது. ராகத்தைப் பாடுகிறவனிடம் விட்டுவிட்ட தீர்ப்பு அது.

இரண்டாவது, வடக்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தள்ளித் திருமலையில். தாள்ளபாக்கம் அன்னமாசாரியர் 1408-ல் பிறந்து 1503-ல் மறைந்தவர், அருணகிரியின் நூற்றாண்டுக்காரர். அவர் பாடியவை முப்பத்திரண்டாயிரம் என்பது மரபு. அவர் வம்சத்தார் அவற்றைச் செப்பேடுகளில் வெட்டிக் கோயிலுக்குள் ஒரு சிறு அறையில் வைத்தார்கள். ஓலையை நம்பாத, நெருப்புக்கும் கரையானுக்கும் அஞ்சிய ஏற்பாடு. ஏடுகள் இருந்தன, பாட்டு நின்றுபோயிற்று. 1920களில் செப்பேடுகள் வெளிச்சத்துக்கு வந்தபோது பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ராகத்தின் பெயர் இருந்தது. தாளம் குறிக்கப்படவில்லை. ஸ்வரம் இல்லை.

இரண்டு மலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் தாளம் மிஞ்சி ராகம் போயிற்று. மற்றதில் ராகப் பெயர் மிஞ்சித் தாளம் போயிற்று. செப்பு ஓலையை விட உறுதியானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாட்டின் உடலைக் கூடுதலாகக் காப்பாற்றியது ஓலைதான். ஓலையின் பலத்தால் அப்படி ஆகவில்லை. காப்பாற்ற வேண்டியதைக் கவிஞன் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டான்.

இதற்குப் பின் நடந்ததுதான் நமக்கு முக்கியம். அன்னமாசாரியருக்கு ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலானோர் மெட்டமைத்தார்கள். 1978-ல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அன்னமாசாரியா திட்டத்தைத் தொடங்கியது; மேலும் பலர் மெட்டமைத்தார்கள், பாடினார்கள், பதிவு செய்தார்கள். செப்பேட்டில் ஒரு ராகம், இன்று மேடையில் வேறு ராகம் என்று பல பாட்டுக்கள் உண்டு. திருப்புகழுக்கும் இதுவே. காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் லயப் பிடிப்பில் அது கச்சேரி மேடைக்கு ஏறியது. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அதைத் தொடர்ந்தார். டில்லியில் ஏ.எஸ். ராகவன் 1950களின் இறுதியிலிருந்து நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு ராகமும் தாளமும் அமைத்து, கூட்டாகப் பாடும் ஒரு வழிபாட்டையே உண்டாக்கினார். இந்த முயற்சிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. இவை நல்ல இசையாக இருக்கலாம், பல இடங்களில் இருக்கவும் செய்கிறது. என் சச்சரவு கேட்கிறவர்களோடு. ஐம்பது, எழுபது வருஷத்து மெட்டை ஐந்நூறு வருஷத்துக் குரலாக நாம் கேட்டுக் கண் கலங்குகிறோம். மெட்டுக்கு ஒரு தேதி உண்டு, அதை அமைத்தவனுக்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது பக்தி என்று கருதப்படுகிறது. எனக்கு அது அலட்சியமாகத்தான் படுகிறது. மெட்டமைத்தவனுக்கும் நியாயமில்லை, மெட்டை இழந்த கவிஞனுக்கும் நியாயமில்லை.

மூன்றாவது தொகுதி முத்துசுவாமி தீட்சிதருடையது. திருவாரூரில் பிறந்தவர்; திருத்தணியில்தான் அவருடைய முதல் கிருதி பிறந்ததாக மரபு. முருகன் ஒரு கிழவராக வந்து வாயில் கற்கண்டை இட்டுப் போனார் என்பது கதை. கதையை நம்பலாம், விடலாம். குருகுஹ என்ற அவருடைய முத்திரை இந்த மலையோடு பிணைந்துவிட்டது. எட்டு வேற்றுமையிலும் அமைந்த முதல் கிருதிகள் இங்கே தொடங்கின. 1835-ல் அவர் எட்டயபுரத்தில் மறைந்தார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் வழியில் ஸ்வீகாரமாக வந்த சுப்பராம தீட்சிதர் 1904-ல், அதே எட்டயபுரத்திலிருந்து, ‘சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். அவரைத் தூண்டியவர்களில் சின்னசுவாமி முதலியார் என்ற தமிழ்க் கிறிஸ்தவர் முக்கியமானவர். நம் இசையை மேல்நாட்டு ஸ்வரக் குறியீட்டில் அச்சிடத் தன் சொத்தையும் கண்ணையும் செலவழித்தவர்.

சுப்பராம தீட்சிதரின் புத்தகம் தெலுங்கு லிபியில் வந்தது. தமிழ் நாட்டின் தெற்கு ஜமீன் ஒன்றில், தமிழ் பேசும் குடும்பம், சம்ஸ்கிருதக் கிருதிகளைத் தெலுங்கு எழுத்தில் அச்சிட்டது. அன்று சங்கீதத்தின் எழுத்து அதுதான். பின்னால் மொழிக்கொரு மாநிலம் என்று கோடு கிழித்தவர்களுக்கு இந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று தெரிந்திருக்காது. புத்தகத்தின் சாதனை, ஸ்வரத்தோடு கமகத்துக்கும் குறி வகுத்தது. ஸ்வரம் எங்கே நிற்கிறது என்பது போக, எப்படி அசைகிறது என்பதையும் காகிதத்தில் நிறுத்த முயன்றார். ஆயினும் அது ஒரு குடும்பத்தின் பாடாந்தரம். இன்று மேடையில் கேட்பதும் புத்தகத்தில் உள்ளதும் வேறுபடும் இடங்களில் எது அசல் என்று வித்வான்கள் சண்டையிடுகிறார்கள். அசல் என்று ஒன்று புத்தகத்துக்கு வெளியே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணம்தான் இந்தச் சண்டைக்கு மூலதனம். சுப்பராம தீட்சிதர் நமக்குத் தந்தது தான் கேட்டதைப் பற்றிய தன் தீர்மானத்தை. அதை அப்படியே ஏற்றுக்கொள்வதில் அவருக்கு ஒரு குறைவும் இல்லை.

இனி இயந்திரம். அதற்காவது தீர்ப்பு கிடையாது, கேட்டதைக் கேட்டபடி தரும் என்று நினைக்கலாம். 1898-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஹாடன் தலைமையில் ஒரு குழு ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்குப் போய் மெழுகு உருளைகளில் தீவுக்காரர்களின் பாட்டைப் பிடித்தது. ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிஷத்துக்குத்தான் இடம். பாட்டு இரவு முழுக்க நடக்கும் ஆட்டத்தின் பாட்டாக இருந்தாலும் உருளைக்கு இரண்டு நிமிஷம்தான். பாட்டென்பது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு சின்னப் பொருள் என்று மெழுகு தீர்மானித்துவிட்டது. நம் பழைய கிராமபோன் தட்டுக்களில் ஆலாபனை ஒரு மூச்சாகக் குறுகிய கதையும் இதுவே. அந்தத் தீவு உருளைகள் லண்டனில் போய்ச் சேர்ந்தன. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 2019-ல், பிரிட்டிஷ் நூலகம் ஒரு திட்டம் போட்டு, டாரஸ் தீவுகள், பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, நியூ காலடோனியா முதலிய இடங்களின் உருளைப் பதிவுகளை அந்தந்த இடத்து மக்களோடு சேர்ந்து மறுபடி கேட்கும் வேலையில் இறங்கியது. பாட்டு யாருடையது, எதற்கானது, யார் கேட்கலாம் என்ற விவரங்களை ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மெழுகு ஒலியை வைத்திருந்தது. பாட்டை வைத்திருந்தவர்கள் தீவில் இருந்தார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு இணை உண்டு. 1913-லிருந்து 1929 வரை கிரியர்சனின் மொழி ஆய்வையொட்டி இந்தியா முழுக்கக் கிராமபோன் தட்டுக்கள் எடுத்தார்கள். விவிலியத்தின் ஊதாரி மகன் கதையை ஒவ்வொரு மொழியிலும் ஒருவரைச் சொல்லச் செய்தார்கள். கூடவே சில பாட்டுக்கள். தமிழ் ஒரு பெட்டி, தெலுங்கு ஒரு பெட்டி. டச்சுக்காரரான ஆர்னல்ட் பாகே 1938-ல் தென்னிந்தியாவில் சுற்றிப் பதிவு செய்தார். 1984-ல் நஸீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் அவர் போன வழியில் திரும்பப் போய், பழைய பதிவுகளைப் பாடகர்களின் சந்ததிக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்நிய ஆய்வாளர்கள் கொண்டுபோன பதிவுகளின் பிரதிகள் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்ற நோக்கில் ஜைராஸ்பாய் 1982-ல் தொடங்கிய ஆவணக் காப்பகம் இன்றும் டில்லிக்கருகே இயங்குகிறது. இவற்றிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். பதிவு திரும்பிப் போகும்போதுதான் அதில் என்ன விடுபட்டது என்று தெரிகிறது.

அச்சில் நாட்டுப்பாடல் சேகரித்தவர்களும் ஒரு தீர்ப்போடுதான் வந்தார்கள். பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேர்த்தவற்றைக் கி.வா. ஜகந்நாதன் 1958-ல் ‘மலையருவி’யாகப் பதிப்பித்தார். மதிப்புள்ள புத்தகம். ஆனால் அதிலும் அதற்குப்பின் வந்த தொகுப்புக்களிலும் பாட்டு என்பது கருத்துள்ள வரி. திரும்பத் திரும்ப வரும் அடி, பொருளற்ற அசை, கூட்டம் கொடுக்கும் பதில், மூச்சு வாங்கும் இடம் இவை அச்சில் சிறுத்துப்போகும் அல்லது உதிர்ந்துபோகும். அருணகிரி பொருளற்ற அசையைத் தலைப்பில் வைத்தார். நம் தொகுப்பாளர்கள் அதைக் குப்பையில் போட்டார்கள்.

இப்போது நான்காவதுக்கு வருகிறேன். ஆடிக் கிருத்திகை நாட்களில் திருத்தணி அடிவாரத்தில், சரவணப் பொய்கைப் பக்கம், பூக் காவடிகள் வந்து சேர்கின்றன. அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கத்துச் சனம் பாதி என்றால் நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்துச் சனம் பாதி. கூட வருவது பம்பை, உடுக்கை, சிலம்பு. பம்பைக்காரர் ஓர் அடி எடுத்துக் கொடுக்கிறார். காவடிக்காரரின் கால் பதில் சொல்கிறது. கூட்டம் அரோகரா போடுகிறது. அடி தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடியலாம். தெலுங்கில் கூப்பிட்டுத் தமிழில் வேண்டிக்கொள்ளலாம். பாடுகிறவருக்கு அது இரண்டு மொழி என்ற நினைப்பே கிடையாது. காவடி தோளில் இருக்கிறது, படி முன்னால் இருக்கிறது. பாட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது மலை. மூச்சு வாங்கினால் பம்பை மட்டும் பேசும். யாருக்காவது அருள் வந்தால் பாட்டு அந்த இடத்திலேயே நின்று சுழலும்.

1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் ஜில்லாவோடு போயிற்று. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், படாஸ்கர் தீர்ப்பின்படி, 1960 ஏப்ரல் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரசியல் நியாயம் எதுவானாலும் பாட்டுக்கு இதில் ஒரு விளைவு ஏற்பட்டது. தமிழ் நாட்டாரியல் தமிழ்ப் பாட்டைத் தேடுகிறது. தெலுங்கு ஜானபதம் தெலுங்குப் பாட்டைத் தேடுகிறது. பாதியில் மொழி மாறும் பாட்டு இரண்டு பேருக்கும் அசுத்தச் சரக்கு. கிரியர்சனின் இரண்டு பெட்டிகள் இன்னும் நம் பல்கலைக்கழகங்களில் திறந்தபடி இருக்கின்றன. இந்தப் பாட்டு இரண்டிலும் கொள்ளாது.

சபாவுக்கு இது சத்தம். இலக்கியக்காரர்களான நமக்கு இது பாமர பக்தி. கேஸட் காலத்தில் ஒலிபெருக்கியில் அலறிய சினிமா மெட்டு முருகன் பாட்டோடு சேர்த்து இதையும் முகம் சுளித்துத் தள்ளினோம். அந்த ஒலிபெருக்கிதான் இதை அமுக்கிக்கொண்டிருக்கிறது என்பதை நாம் கவனிக்கவில்லை. செல்போனில் இன்று ஆளாளுக்குப் படம் பிடிக்கிறார்கள், உண்மை. ஆனால் முப்பது விநாடித் துண்டு. மெழுகு உருளையின் இரண்டு நிமிஷம் இப்போது இன்னும் சுருங்கியிருக்கிறது. அருள் வந்த முகம் அதில் இருக்கும். பம்பைக்காரரின் பெயர், ஊர், அவர் யாரிடம் கற்றார், முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை பாட்டு எப்படி உருமாறிற்று, இவை இருக்காது.

பாட்டு பாடப்படுவதால்தான் வாழ்கிறது, பதிவு செய்தால் செத்துப்போகும், அதை அதன் பாட்டில் விட்டுவிடுவோம் என்று நம் நண்பர்களில் ஒரு சாரார் சொல்வார்கள். அழகான பேச்சு. திருத்தணியே இதற்கு எதிர்ச் சாட்சி. டிசம்பர் 31 இரவில் படிக்கொரு திருப்புகழாக 365 படிகளிலும் பாடிக்கொண்டு ஏறும் திருப்படித் திருவிழாவை எல்லோரும் தொன்றுதொட்ட வழக்கம் என்றே எண்ணுகிறார்கள். அதைத் தொடங்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள், தொடங்கிய வருஷம் 1917. ஆங்கிலப் புத்தாண்டில் துரைகளைப் பார்த்துச் சலாம் போடப் போகிறவர்களை மலைக்குத் திருப்பினார் என்பார்கள். வருஷங்களை வரிசையாக வையுங்கள். 1894, 1901, 1917. ஏடு தேடியவர் முதலில் வந்தார். படியேறியவர்கள் பிறகு வந்தார்கள். மைசூர் அரண்மனைச் சமையற்கட்டிலிருந்து புறப்பட்ட ஒருவர் கையில் திருப்புகழ் சேர்ந்ததற்கு முன்சீபின் அலைச்சல் காரணம். பதிவு அங்கே கல்லறையாகிவிடவில்லை. அது படிக்குத் திரும்பிற்று. திரும்பியபோது பழைய மெட்டு இல்லாமல், சந்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ஏறுகிறவர்களின் சொந்த மெட்டில் ஏறிற்று. இதில் ஒளிக்க எதுவும் இல்லை.

செப்பேட்டு அறையில் ஆனது இதற்கு நேர்மாறு. பொருள் பத்திரமாக இருந்தது, திரும்பிப் போகும் வழி அடைபட்டிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் ஓலையிலும் செம்பிலும் இல்லை. யாருக்காகப் பாதுகாக்கிறோம் என்ற நினைப்பில் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒரு கலைக்கூடமோ, பம்பைக்காரருக்குச் சால்வையோ, குடியரசு தின ஊர்வலத்தில் ஓர் இடமோ அல்ல. ஓர் ஆடிக் கிருத்திகையில், ஒரு குழுவோடு, அவர்கள் சம்மதத்தின் பேரில், அவர்கள் ஊரிலிருந்து புறப்படும் நேரத்திலிருந்து மலையிறங்கித் திரும்பும் வரை, வெட்டாமல் ஒரு பதிவு. மொழி மாறும் இடத்தைத் திருத்தாமல் எழுதிக்கொள்வது. பொருளற்ற அசைகளையும் கூட்டத்தின் பதிலையும் பம்பை தனியே பேசும் இடங்களையும் பாட்டு என்றே கணக்கில் வைப்பது. பாடியவர் பெயரை அவர் சொன்னபடி எழுதுவது. மெட்டை யாரிடம் கற்றார் என்று கேட்பது. நேற்றுச் சினிமாவிலிருந்து எடுத்தது என்று அவர் சொன்னால் அதையும் எழுதுவது. பிரதியை அவர் கையில் கொடுப்பது. பத்து வருஷம் கழித்து அதே வீட்டுக்குப் போய் அதைப் போட்டுக் கேட்டு, எது மாறிற்று என்று அவர்களையே சொல்லச் சொல்வது.

இது ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை என்று தட்டிக் கழிக்கலாம். ஆனால் கேட்பது எப்படி என்பது விமர்சனத்தின் கேள்வி. கவிதையில் ஓசையைப் பற்றி, பேச்சின் லயத்தைப் பற்றி இத்தனை வருஷம் நாம் பக்கம் பக்கமாக எழுதினோம். மொழி பாதியில் மாறினாலும் கால் தவறாத ஒரு லயம் சென்னையிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் வருஷாவருஷம் நடக்கிறது. அது எந்தச் சந்தத்தில் நடக்கிறது என்று தன, தான போட்டுக் குறித்துவைக்கக்கூட நம்மில் ஒருவரும் இதுவரை ஒரு காகிதத்தை எடுக்கவில்லை. அடுத்த ஆடிக்கு முன்னால் அதையாவது செய்யலாம்.